கிணற்றில் கரைந்த உரம்

சாமராஜநகர் போன்ற மாவட்டங்களின் நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட்டை மின்சாரத்தால் பிடித்து, திரும்ப உரமாகவே தரக்கூடிய பாலிமர்கள் ஆய்வகத்தில் வேலை செய்கின்றன. வயலுக்கு வந்துசேர அவை ரசாயனத்தை மட்டுமல்ல, ரூபாய்க் கணக்கையும் வென்றாக வேண்டும்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூர் காட்டைக் கடந்து வடக்கே போனால் மாநிலம் மாறுகிறது, பயிர் மாறுவதில்லை. மஞ்சளும் வாழையும் கரும்பும் தமிழக எல்லை தாண்டியும் தொடர்கின்றன. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் விளையும் மஞ்சளுக்கு ஈரோடு சந்தை முக்கியமான சந்தை. கொள்ளேகால், ஹனூர் பக்கம் கன்னடத்தோடு தமிழும் புழங்கும் கிராமங்கள் பல. தண்ணீரும் எல்லை பார்ப்பதில்லை. மாவட்டத்தின் சுவர்ணாவதி ஆறு காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் சிவனசமுத்திரத்தையும் ஒகேனக்கலையும் தாண்டி மேட்டூருக்கு வருகிறது.

சந்தைக்குப் போகும் மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது. அதே வயலிலிருந்து கீழே இறங்கும் இன்னொரு பொருள் தெரிவதில்லை. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அதன் பெயர் நைட்ரேட்.

விவசாயி யூரியாவைத் தூவுகிறார். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதை முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியத்துக்கு நேர் மின்னூட்டம். களிமண்ணுக்கு எதிர் மின்னூட்டம். அதனால் அம்மோனியத்தை மண் பிடித்து வைத்துக்கொள்கிறது. நைட்ரேட்டுக்கோ களிமண்ணைப் போலவே எதிர் மின்னூட்டம். மண் அதைத் தள்ளிவிடுகிறது. பயிர் உறிஞ்சியதுபோக மிஞ்சியது பாசன நீரோடும் மழை நீரோடும் கீழே இறங்கி, ஆழ்துளைக் கிணற்றின் நீரில் சேர்கிறது. இடும் தழைச்சத்தில் பயிருக்குப் போய்ச்சேருவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. மாட்டுக் கொட்டகைக் கழிவும், சரியாகக் கட்டப்படாத கழிவறைக் குழிகளும் தம் பங்குக்கு நைட்ரேட்டைச் சேர்க்கின்றன.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனை நைட்ரேட் குறைக்கிறது. குழந்தையின் தோலும் உதடும் நீலம் பாய்கின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல் வெளியிட்ட நீர்த்தர அறிக்கையின்படி, நாடு முழுவதும் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த வரம்பைத் தாண்டியிருந்தது. ராஜஸ்தானில் 49 சதவிகிதம். அடுத்து கர்நாடகத்தில் 48 சதவிகிதம். தமிழகத்தில் 37 சதவிகிதம். திம்பத்துக்கு மேலும் கீழும் இருப்பவர்களுக்கு இது பொதுப் பிரச்னை.

இடம் மாறும் விஷம்

கர்நாடகக் கிராமங்கள் இதற்குக் கண்ட விடை, தெருமுனையில் நிற்கும் குடிநீர்க் கூண்டு. ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் 20 லிட்டர் தண்ணீர் கொட்டும். உள்ளே இருப்பது ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடு பரவல் இயந்திரம். அழுத்தத்தால் தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே தள்ளி, உப்புக்களைப் பின்னால் நிறுத்திவிடுகிறது. குடிக்கிற நீருக்கு இது நல்ல காவல். ஆனால் உள்ளே போன நீரில் கணிசமான பங்கு, எல்லா உப்பையும் நைட்ரேட்டையும் சுமந்துகொண்டு, பின்பக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது. அது போவது சாக்கடைக்கு, சாக்கடையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து அதே நிலத்தடி நீருக்கு.

பழைய முறைகளும் இப்படித்தான். அயனிப் பரிமாற்ற ரெசின் என்ற பாலிமர் மணிகளை 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். நீரிலுள்ள வேண்டாத அயனியைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமுள்ள சாதுவான அயனியை அந்த மணி விட்டுவிடும். நைட்ரேட்டை அகற்றவும் இது உதவுகிறது. ஆனால் மணிகள் நிறைந்துவிட்டால் அவற்றைக் கழுவ உப்புக் கரைசல் வேண்டும். கழுவி முடித்தபின் கையில் இருப்பது நைட்ரேட்டும் உப்பும் கலந்த, எங்கும் கொட்ட முடியாத நீர். ஃப்ளோரைடை நீக்க, நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையிலும் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டபின் அலுமினியச் சேறு மிஞ்சுகிறது.

ஆக, மாசை அகற்றுவது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, மாசை இடம் மாற்றுவதுதான். இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு அனுபவித்தே தெரிந்துகொண்டது.

நொய்யல் தந்த பாடம்

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற, சாயத்தோடு சோடியம் சல்பேட் அல்லது சாதாரண உப்பை அள்ளிக் கொட்டவேண்டும். ஒரு லிட்டர் சாயக் கரைசலுக்கு 50 கிராமுக்கு மேல்கூட ஆகும். சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதுதான் உப்பின் வேலை. உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டது முழுவதும் கழிவு நீரில் வெளியே வந்துவிடும். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, நொய்யல் ஆற்றில் இறங்கிய உப்பும் பெருகியது. பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவுத் தொட்டியாயிற்று. பாசனத்துக்கு அணை கேட்ட விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராட வேண்டிவந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு துளிக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற இலக்கை எட்டக் கெடு விதித்தது. 2009-ல் உச்சநீதிமன்றமும் விவசாயிகளுக்கு ஆதரவாகவே நின்றது. இலக்கு எட்டப்படாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பொது சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்கத் தமிழக அரசு ரூ. 200 கோடி வட்டியில்லாக் கடன் தந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஆர்.ஓ. சவ்வுகளும், மிச்ச நீரை ஆவியாக்கும் கொதிகலன்களும் வந்தன. நல்ல தண்ணீர் பட்டறைக்குத் திரும்பியது. சோடியம் சல்பேட் ஓரளவு படிகமாகப் பிரிந்து சாயத்தொட்டிக்கே திரும்பியது. அருள்புரம் நிலையத்தில் உப்பு நீரையே தெளிவித்து, மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. திரும்பிய ஒவ்வொரு மூட்டை உப்பும் பட்டறைக்காரருக்கு மிச்சம். ஆனால் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு, சாயமும் சுண்ணாம்பும் கலந்து, கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. மீட்க முடிந்தது வரவாயிற்று. மீட்க முடியாதது மலையாயிற்று.

எந்த மாசையும் கையாள இரண்டு கேள்விகள் போதும் என்பது நொய்யல் தந்த பாடம். கலந்து கிடப்பதிலிருந்து வேண்டியதை மட்டும் தனியே பிரிக்க முடியுமா? பிரித்ததை விற்கவோ திரும்பப் பயன்படுத்தவோ முடியுமா? முதல் கேள்விக்கு விடை தேடுபவர்கள்தான் மின்வேதியியல் பாலிமர் ஆராய்ச்சியாளர்கள்.

சாயத்தில் பிறந்த பாலிமர்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று நைட்ரேட்டைப் பிடிக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் பாலிஅனிலின் என்ற பாலிமர், வாழ்க்கையைத் தொடங்கியதே சாயமாகத்தான். 1826-ல் அவுரிச் செடியின் நீலத்தைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த திரவத்துக்குப் பின்னாளில் அனிலின் என்று பெயர் வந்தது. பெயரின் வேர் நம்முடைய 'நீலம்'தான். அனிலின் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியானால் கறுப்பு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பருத்தித் துணிக்கு 'அனிலின் கறுப்பு' ஏற்றிய சாயக்காரர்கள், தாங்கள் கையாள்வது மின்சாரம் கடத்தக்கூடிய பிளாஸ்டிக் என்று அறியவில்லை.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதுதான் அப்போதைய பாடம். மின்கம்பிக்கு உறை போடுவதே அதனால்தான். 1977-ல் அமெரிக்காவின் ஆலன் ஹீகர், ஆலன் மக்டயார்மிட், ஜப்பானின் ஹிடேகி ஷிரகாவா மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரில் சிறிதளவு அயோடினைச் சேர்த்து, அதன் மின்கடத்துத் திறனைப் பல லட்சம் மடங்கு உயர்த்திக் காட்டினார்கள். 2000-ல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு வந்தது. பாலிஅனிலின், பாலிபிரோல் போன்றவை வரிசையாகக் கவனம் பெற்றன.

தண்ணீர்ப் பிரச்னைக்கு இவற்றால் என்ன பயன்? இந்தப் பாலிமர்களில் மின்சாரம் பாயும்போது அவற்றின் மின்னூட்டம் மாறுகிறது. பாலிமரைப் பூசிய மின்முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி, அதிலிருந்து எலெக்ட்ரானை உருவினால், பாலிமர் நேர் மின்னூட்டம் பெறுகிறது. அதைச் சமன் செய்ய, நீரிலுள்ள எதிர் மின்னூட்ட அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் பாலிமர் பழைய நிலைக்கு வருகிறது, பிடித்ததை விட்டுவிடுகிறது. பழைய ரெசின் மணிகளைக் கழுவ மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். இங்கே சுவிட்சைத் திருப்பினால் போதும். கழுவிய உப்பு நீர் என்ற புதுக் கழிவு பிறப்பதில்லை.

ஆள் பார்த்துப் பிடிக்கும் மின்முனை

மின்னூட்டத்தால் மட்டும் இழுத்தால் நைட்ரேட்டும் வரும், குளோரைடும் வரும், சல்பேட்டும் வரும். கிணற்று நீரில் குளோரைடு ஏராளம். கூட்டத்தில் ஆள் பார்த்துப் பிடிப்பதுதான் வித்தை.

இந்த வித்தையில் 2016 முதல் குறிப்பிடத்தக்க வேலை செய்துவருபவர் ஷியாவ் சு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆலன் ஹேட்டனுடன் தொடங்கி, பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வுக்குழு அமைத்தவர். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது ஃபெரோசீன் என்ற மூலக்கூறு. 1951-ல் அறியவந்த இதன் அமைப்பு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெண்ணெய் வைத்ததுபோல இருக்கும்: இரண்டு கார்பன் வளையங்கள், நடுவே ஓர் இரும்பு அணு. இந்த மூலக்கூறுகளைச் சரமாகக் கோத்த பாலிமரைக் கார்பன் நுண்குழாய்களின் மேல் பூசி மின்முனையாக்கினார்கள். இரும்பு ஓர் எலெக்ட்ரானை இழந்ததும் சில வகை அயனிகளோடு அதற்குத் தனி ஈர்ப்பு உண்டாகிறது. சுற்றிலும் பல மடங்கு உப்பு இருந்தாலும் வேண்டிய அயனியையே அதிகம் நாடுகிறது. கங்கைச் சமவெளிக் கிணறுகளைக் கெடுக்கும் ஆர்சனிக்குக்கும் இதே மின்முனையை 2020-ல் இந்தக் குழு பயன்படுத்திக் காட்டியது. ஆர்சனிக்கில் கொடியதும் பிடிக்கக் கடினமானதுமான வடிவத்தை முதலில் எளிய வடிவமாக மாற்றி, பிறகு பிடித்தார்கள்.

நைட்ரேட்டுக்கு வந்தது பாலிஅனிலினின் முறை. 2023-ல் வெளியான ஆய்வில் இதே குழு, பாலிஅனிலினையும் கோபால்ட் ஆக்சைடையும் ஒரே மின்முனையில் சேர்த்தது. பாலிஅனிலினின் நைட்ரஜன் முனைகள் நைட்ரேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கிராம் பொருள் 70 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டைப் பிடித்து, திருப்பி விட்டது. அப்படிச் செறிந்த நைட்ரேட்டைப் பக்கத்திலேயே இருக்கும் கோபால்ட் ஆக்சைடு, மின்சாரத்தின் உதவியால் அம்மோனியமாக மாற்றுகிறது. நுண்ணுயிரிகள் வயலில் செய்த வேலையைப் பின்னோக்கிச் செய்கிறது என்று சொல்லலாம்.

சோதனைக்கு எடுத்தது செயற்கைக் கரைசல் மட்டுமல்ல. பண்ணை வடிகாலில் ஓடிய நிஜ நீரும்தான். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 மில்லிகிராம் நைட்ரேட்தான் இருந்தது. இந்தியக் குடிநீர் வரம்பைவிடக் குறைவு. அவ்வளவு நீர்த்துக் கிடந்ததையும் மின்முனை எட்டு மடங்கு செறிவாக்கியது. நீர்த்த நீரில் நேரடியாக மாற்ற முயல்வதைவிட 24 மடங்கு வேகமாக அம்மோனியம் உருவாயிற்று. மின்சாரத் திறனும் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. குளம் முழுவதும் வலையை இழுப்பதற்குப் பதில், மீனை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டுப் பிடிப்பதைப் போன்ற உத்தி.

யூரியா மூட்டை எழுப்பும் கேள்வி

முதல் கேள்விக்கு, அதாவது தனியே பிரிக்க முடியுமா என்பதற்கு, ஆய்வகம் 'முடியும்' என்கிறது. இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. அங்கேதான் நைட்ரேட் இடறுகிறது.

மீட்பு லாபம் தரும் இடங்கள் உண்டு. வேலூர் மாவட்டத் தோல் பட்டறைகள் நல்ல உதாரணம். பதனிடப் போடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவில் போய்விடும். அந்தக் கழிவைத் தனியே சேர்த்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டு வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் தோல் பதனிடலாம். குரோமியம் விலையுள்ள சரக்கு; பட்டறைக்காரருக்குக் கணக்குப் புரிகிறது.

பழைய பேட்டரிகளின் கோபால்ட்டும் அப்படியே. கோபால்ட்டும் நிக்கலும் வேதியியலில் இரட்டைப் பிறவிகள், பிரிப்பது கடினம். இல்லினாய் குழு 2021-ல் குளோரைடு நிறைந்த கரைசலையும் பாலிமர் பூசிய மின்முனையையும் கொண்டு, தீர்ந்துபோன பேட்டரியிலிருந்து கோபால்ட்டை சுமார் 96 சதவிகிதத் தூய்மையோடும் நிக்கலை சுமார் 94 சதவிகிதத் தூய்மையோடும் பிரித்தது. இரண்டும் உலகச் சந்தையில் விலை போகும் உலோகங்கள்.

நைட்ரேட்டின் கணக்கு வேறு. லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரில், தழைச்சத்து என்று பார்த்தால் சுமார் 10 மில்லிகிராம்தான். ஒரு லட்சம் லிட்டர் நீரைச் சுத்திகரித்தால் கிடைப்பது ஒரு கிலோ. ஒரு மூட்டை யூரியாவின் எடை 45 கிலோ. அதிலுள்ள தழைச்சத்து சுமார் 20 கிலோ. ஆக, ஒரு மூட்டைக்குச் சமமான உரத்தை மீட்க, வரம்பளவு மாசுள்ள நீர் 20 லட்சம் லிட்டர் வேண்டும். அந்த மூட்டையை மத்திய அரசின் மானியத்தில் விவசாயி வாங்குவது, வரியும் வேப்பம்பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, ரூ. 242-க்கு. உண்மையான அடக்க விலை இதைப்போல் பல மடங்கு. மிச்சத்தை வரி செலுத்துபவர்கள் கொடுக்கிறார்கள்.

இருபது லட்சம் லிட்டர் நீரை இறைத்து, மின்முனைகளுக்கிடையே ஓடவிட்டு, இருநூற்றுச் சொச்சம் ரூபாய்ப் பொருளை மீட்க எந்த முதலாளியும் முன்வரமாட்டார். உரத்தை மலிவாக்கும் அதே மானியம், கிணற்றில் கரைந்த உரத்தை மீட்பதை வீண் வேலையாக்கிவிடுகிறது. நைட்ரேட் மீட்பு என்றைக்காவது கட்டுப்படியாகுமானால், மீட்ட அம்மோனியாவுக்காக அல்ல. பின்னால் எஞ்சும் நல்ல தண்ணீருக்காகவே இருக்கும். அந்தத் தண்ணீரின் விலையைச் சந்தை சொல்லாது. அரசும் பஞ்சாயத்தும்தான் சொல்லியாக வேண்டும்.

காரைக்குடியும் பவநகரும்

இந்தத் துறைக்கு இந்தியா புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ரூ. 15 லட்சமும் தந்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்டது. காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானிய மின்முனைகளில் பெயர் பெற்ற இந்த நிறுவனம், சாயக் கழிவை மின்சாரத்தால் சுத்திகரிப்பதிலும் ஆய்வு செய்திருக்கிறது.

குஜராத்தின் பவநகரில் 1954-ல் திறக்கப்பட்ட மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கு இன்னும் நேரடியானது. அயனிகளைத் தேர்ந்து கடத்தும் பாலிமர் சவ்வுகளை உள்நாட்டிலேயே உருவாக்கி, எலெக்ட்ரோடயாலிசிஸ் என்ற முறையில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை அமைத்தது. நேர் அயனியை மட்டும் விடும் சவ்வு ஒன்று, எதிர் அயனியை மட்டும் விடும் சவ்வு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, இரு பக்கமும் மின்சாரம் கொடுப்பது இந்த முறை. ஓர் அறையில் உப்பு குறைய, பக்கத்து அறையில் செறிகிறது. எவ்வளவு உப்பை நகர்த்துகிறோமோ அவ்வளவுக்குத்தான் மின்சாரம் என்பதால், கடல் நீரைவிடக் கிணற்று உவர்நீருக்கு இது தோதானது.

இதே அடுக்கில் இருமுனைச் சவ்வு என்ற இன்னொரு பாலிமரைச் சேர்த்தால், தண்ணீரே அமிலப் பாதியாகவும் காரப் பாதியாகவும் பிளக்கிறது. சோடியம் சல்பேட் கரைசலிலிருந்து ஒரு பக்கம் கந்தக அமிலமும் மறுபக்கம் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. சாயப்பட்டறைக்கு இரண்டுமே தேவைப்படும் சரக்குகள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, ஆர்சனிக்கை நீக்கும் மலிவான வடிகட்டியோடு, கார்பன் மின்முனைகளால் உப்பை உறிஞ்சும் முறையையும் வளர்த்திருக்கிறது. பாலிமர் பூசிய மின்முனைகள் இதன் அடுத்த தலைமுறை எனலாம்.

ஆய்வகத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே உள்ள தடைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மின்முனை ஆயிரக்கணக்கான முறை பிடித்து விட்டும் தேயாமல் இருக்கவேண்டும். பாலிஅனிலின் காலப்போக்கில் சிதையக்கூடியது, காரத்தன்மையுள்ள நீரில் அதன் வீரியமும் குறைகிறது. சாமராஜநகர் போன்ற பாறை நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். கால்சியமும் மக்னீசியமும் சவ்வில் சுண்ணாம்பாகப் படியும். பாசி படியும். மின்வெட்டு வரும். அமெரிக்க ஆய்வகத்தில் கைக்குட்டைக்கும் சிறிய மின்முனையில் கிடைத்த எண்கள், ஊராட்சித் தொட்டியில் அப்படியே கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மின்முனையிலுள்ள கோபால்ட் நீரில் கசியாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். ஒரு விஷத்தை எடுத்து இன்னொன்றைக் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

இன்றைக்கே செய்யக்கூடியது

பாலிமர் வரும்வரை கைகட்டிக் காத்திருக்கவும் தேவையில்லை. கிணற்று நீரில் உள்ள நைட்ரேட்டை மீட்கும் மிக மலிவான கருவி பயிரின் வேர்தான். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்ச சுமார் ஒரு லட்சம் லிட்டர் ஆகும். நீரில் 45 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், ஒவ்வோர் அங்குலத்தோடும் ஒரு கிலோ தழைச்சத்து இலவசமாக வயலுக்கு வருகிறது. ஒன்பது மாதப் பயிரான மஞ்சளுக்கு மொத்தம் 40 அங்குலம் பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், 40 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மூட்டை யூரியா. நைட்ரேட் இரு மடங்கு இருந்தால் நான்கு மூட்டை. கிணற்று நீரைச் சோதித்து, அந்த அளவை உரக் கணக்கில் கழித்துக்கொண்டால் செலவும் மிச்சம், கிணறும் மெல்லத் தேறும். மண் பரிசோதனைக்கு அட்டை தரும் அரசு, பாசன நீரின் நைட்ரேட் அளவையும் அதே அட்டையில் எழுதித் தருவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

தெருமுனைக் குடிநீர்க் கூண்டின் பின்பக்கக் குழாய்க்கும் இது பொருந்தும். நைட்ரேட் செறிந்த அந்த மிச்ச நீரில் மற்ற உப்புக்களும் அதிகம் என்பதால் அப்படியே வயலில் விட முடியாது. ஆனால் புதிய மின்முனைகளை முதலில் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான இடம் அதுவே. மாசு அங்கே ஏற்கெனவே செறிந்திருக்கிறது, இறைக்கும் செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டது, அளவும் சிறியது. மைசூரிலும் பெங்களூரிலும் காரைக்குடியிலும் உள்ள ஆய்வாளர்களுக்கு ஒரு கிராமத்துக் கூண்டு தொலைவான இடமல்ல.

சாமராஜநகருக்கு இதில் அவசரமும் உண்டு. பதனகுப்பே, கெல்லம்பள்ளி பகுதியில் கர்நாடகத் தொழில் வளர்ச்சி வாரியம் பெரிய தொழிற்பேட்டை அமைத்திருக்கிறது. வேலை தேடி மைசூருக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் போகும் இளைஞர்களுக்கு ஆலைகள் வேண்டும். வருகிற ஆலை எதுவாக இருந்தாலும், அதன் கழிவிலிருந்து எதை மீட்பீர்கள், மீட்க முடியாததை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விகளை அடிக்கல் நாட்டும் முன்பே கேட்க முடியும். திருப்பூரில் இந்தக் கேள்விகளை நீதிமன்றம் கேட்டபோது அணை நிறைந்திருந்தது, கிணறுகள் கெட்டிருந்தன, தென்னைகள் காய்ந்திருந்தன. சுவர்ணாவதிக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. கேட்பதற்கு இதைவிட மலிவான காலம் இனி வாய்க்காது.